நீர்க்கடுப்பு: சூடு என்று சொல்லும் முன்

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி ஆர்.கே.பேட்டை. அங்கே உருக்காலையும் ரசாயனமும். இங்கே அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வரை தறிச் சத்தம். தொழில் வேறாக இருந்தாலும் இரண்டு பக்கத்துப் பெண் தொழிலாளர்களிலும் பலருக்கு ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். வேலை நேரத்தில் ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொள்வார்கள். சில நாளில் எரிச்சல் தொடங்கும். வீட்டில் சொன்னால் முதலில் வரும் பதில், "சூடு பிடிச்சிருக்கு." இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் என்று வைத்தியம் வரிசையாக வரும். சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு நான்காம் நாள் குளிரோடு காய்ச்சல் வரும்.

சிறுநீர்ப் பாதை அழற்சியின் அறிகுறிகள் ரகசியமானவை அல்ல. எந்த மருத்துவப் பாடநூலிலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவற்றை நாம் படிக்கும் விதத்தில்தான் கோளாறு. வேலைக்குப் போகும் பெண்ணிடமும் கைக்குழந்தையிடமும் நாம் தாமதமாகப் படிக்கிறோம். வீட்டிலிருக்கும் முதியவரிடம் அவசரப்பட்டுப் படிக்கிறோம். முதல் தவறில் நோய் சிறுநீரகம்வரை ஏறுகிறது. இரண்டாவதில் வேண்டாத ஆன்டிபயாட்டிக் உடம்புக்குள் போகிறது. ஒரே நோயைச் சுற்றி இந்த இரண்டு தவறுகளும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் நடக்கின்றன.

முதல் தவறைப் பற்றி நம்மூரிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2014-15இல் மூன்று தொழில் துறைகளில் வேலை செய்த 312 பெண்களிடம் வெப்பத்தின் பாதிப்பை அளந்தார்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின. நூற்றுக்கு 71 பெண்கள், வரம்பு என்று வகுக்கப்பட்ட அளவுக்கும் மேலான வெக்கையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 200 பெண்களுக்கு வேலையிடத்தில் கழிப்பறையே இல்லை, அல்லது இருந்தும் போதாது. அந்த 200 பேரில் 87 சதவீதம் பேர் தங்களுக்கு அவ்வப்போது சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை வைத்துக் கணக்கிட்டதுதான் இது. அத்தனை பேருக்கும் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்து உறுதிசெய்யவில்லை. ஆனாலும் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சொல்லும் ஒரு தொல்லையை உடம்புச் சூடு என்று ஒதுக்கிவிட முடியாது.

சூடு என்று சொல்பவர்கள் முழுக்கத் தவறானவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல், மே மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பத்து மணி நேரம் நின்றால் உடம்பின் நீரெல்லாம் வியர்வையாகப் போய்விடும். மிச்சமுள்ள சிறுநீர் அடர்ந்து, மஞ்சள் முற்றி, போகும்போது சற்றுக் காந்தும். இதில் கிருமி இல்லை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துச் சில மணி நேரத்தில் நீர் வெளுத்ததும் காந்தலும் போய்விடும். நீர் வெளுத்த பிறகும் எரிச்சல் நின்றால் அது வேறு சமாச்சாரம். வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை இதுதான். செலவில்லாதது, ஒரு பகல் போதும்.

கிருமி வரும் வழி எளிது. பெரும்பாலும் வருவது ஈ.கோலை. ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிஷ் 1885இல் விவரித்த குடல்வாழ் பாக்டீரியா. எல்லார் குடலிலும் தொந்தரவில்லாமல் குடியிருப்பது, ஆசனவாயிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து மேலேறும்போதுதான் வம்பு செய்கிறது. ஆணுக்குச் சிறுநீர்த் தாரை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். துவாரமும் ஆசனவாயும் அருகருகே. பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இந்த நோய் வருவதற்கு உடலமைப்பே முதல் காரணம். ஒழுக்கமோ சுத்தக்குறைவோ அல்ல. கல்யாணமான புதிதில் நிறையப் பெண்களுக்கு இது வரும். உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவதால் வருவது. மாமியார் வீட்டில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பொறுத்துக்கொண்டிருப்பதால் முற்றுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து உள்தோல் மெலிவதால் மறுபடி ஒரு சுற்று வரும்.

இனி அறிகுறிகள். நோய் பைக்குள்ளேயே, அதாவது சிறுநீர்ப்பையோடு நின்றிருக்கும்போது பெண்கள் சொல்லும் வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "ஒண்ணுக்குப் போனா சுருக்கு சுருக்குனு குத்துது." "சொட்டுச் சொட்டாத்தான் வருது." "போயிட்டு வந்து உட்காரல, மறுபடியும் போகணும்போல இருக்கு." "அடிவயிறு கனக்குது." மருத்துவம் தேடும் நான்கும் இதிலேயே அடங்கிவிட்டன: எரிச்சல், அடிக்கடி போவது, அடக்க முடியாத அவசரம், தொப்புளுக்குக் கீழே வலி. சிலருக்குக் கடைசிச் சொட்டோடு ரத்தம் வரும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் இந்த மற்ற அறிகுறிகளோடு சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அழற்சியால் வருவதுதான்.

இந்த அறிகுறிகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்றோடு மருத்துவரிடம் வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்மையில் நோய்த்தொற்று இருந்தது. ஆனால் எரிச்சலும் அடிக்கடி போவதும் சேர்ந்து இருந்து, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லையென்றால் வாய்ப்பு பத்தில் ஒன்பதைத் தாண்டியது. சோதனைச்சாலைக்குப் போகாமலே, கேள்வி கேட்டே எட்டக்கூடிய உறுதி இது. ஒரு மருத்துவர் கணினியைப் பார்த்தபடி "என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டுச் சீட்டு எழுதினால் இந்தப் பத்தில் ஒன்பது பாதியாகிவிடும். வெள்ளைப்படுதல் உண்டா, அரிப்பு உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க அரை நிமிடம் போதும். ஆண் மருத்துவரும் கேட்கத் தயங்குகிறார், பெண்ணும் சொல்லத் தயங்குகிறாள்.

அந்தக் கேள்விகள் ஏன் முக்கியம்? எரிச்சல் எங்கே என்பதில் பாதி நோயறிதல் இருக்கிறது. சிறுநீர் உள்ளிருந்து வரும்போதே, தாரைக்குள் எரிந்தால் சிறுநீர்ப்பைப் பக்கம் சந்தேகிக்கலாம். வெளியே வந்து தோலில் படும்போது எரிந்தால், கூடவே தயிர்த் திப்பி போன்ற வெள்ளை, அரிப்பு, புண் இருந்தால் அது பூஞ்சை அல்லது வேறு பிறப்புறுப்புத் தொற்று. இதற்குச் சிறுநீர்த் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் கொழுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம்.

அடிக்கடி போவதிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. ஒவ்வொரு முறையும் நிறையப் போய், எரிச்சலே இல்லாமல், தாகமும் கூடவே இருந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. நாட்டின் சராசரி 11.4. அதனால் இங்கே இந்தக் குழப்பம் அரிதானதல்ல. விலாவில் தொடங்கித் தொடையிடுக்கு நோக்கி இறங்கும், ஆளை ஓரிடத்தில் படுக்க விடாத, விட்டு விட்டு முறுக்கும் வலி என்றால் கல். ஆணுக்குத் துவாரத்தில் சீழ் கசிந்தால் பாலியல் தொற்று. அப்போது மருந்து அவருக்கு மட்டுமில்லை, துணைக்கும் சேர்த்து.

மாதக் கணக்கில் எரிச்சல், இடையிடையே ரத்தம், சிறுநீரில் சீழ் அணுக்கள் உண்டு, கல்ச்சரில் மட்டும் எதுவும் வளரவில்லை என்று ஒரு நோயாளி ரிப்போர்ட் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் இந்திய மருத்துவர் நினைக்க வேண்டியது காசநோய். சாதாரணக் கல்ச்சரில் அது வளராது; தனியாகக் கேட்டு வாங்கவேண்டிய சோதனை.

ரத்தம் மட்டும் வருவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எரிச்சல் இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நீர் மட்டும் சிவந்து போகிறது. இரண்டு நாளில் தானாக நின்றும்விடுகிறது. வலி இல்லாததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. வலியில்லாத ரத்தம்தான் அதிகம் பொருட்படுத்த வேண்டியது, ஏனென்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும். லுட்விக் ரெய்ன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895இலேயே சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். பென்சிடின் போன்ற சில சாயமூலப் பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று பிறகு உறுதியானது. நூலுக்குச் சாயம் போட்ட கை, ரசாயன ஆலையில் நாள்பட்ட வேலை, பீடி சிகரெட் பழக்கம், இவற்றில் ஒன்று இருந்து நாற்பதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் நீர் சிவந்தால், ஒருமுறையே ஆனாலும், ஸ்கேனும் சிறுநீரக மருத்துவரும் அவசியம். பீட்ரூட் சாப்பிட்டாலும் நீர் சிவக்கும், டி.பி. மாத்திரை சாப்பிட்டால் ஆரஞ்சாகும், சத்து மாத்திரைக்குப் பளிச்சென்ற மஞ்சள். அதெல்லாம் கேட்டாலே தெரிந்துவிடும்.

கிருமி சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் நோயின் முகமே மாறிவிடும். பல் கிட்டிக்கும் குளிர், தொடர்ந்து காய்ச்சல், கடைசி விலா எலும்புக்குக் கீழே முதுகில் ஒரு பக்கம் வலி, குமட்டல், வாந்தி. முதுகின் அந்த இடத்தில் லேசாகத் தட்டினாலே நோயாளி துள்ளுவார். எரிச்சல் இந்தக் கட்டத்தில் சிலருக்கு இருக்காது, அதனாலேயே "வைரல் காய்ச்சல்" என்று இரண்டு நாள் போய்விடும். மழைக்காலத்தில் டெங்குவுக்கு ரத்தம் எடுத்து நெகட்டிவ் என்று வந்து, சிறுநீரைப் பார்க்காமலே விட்ட காய்ச்சல்கள் எத்தனையோ. குளிரும் விலா வலியும் சேர்ந்தால் அது வீட்டு வைத்தியத்துக்கு உட்பட்டதல்ல. அன்றே மருத்துவமனை. வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, ஆள் துவண்டுவிட்டார், மூச்சு வாங்குகிறது என்றால் 108தான். திருத்தணியிலும் திருவள்ளூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. சோளிங்கர் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே போகலாம். எங்கே போனாலும் ஊசி போடுவதற்கு முன் சிறுநீரைச் சோதனைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கட்டம் இரட்டை ஆபத்து. சிறுநீரகத் திசுவுக்குள் வாயு உண்டாகும் கொடிய வகை ஒன்று இருக்கிறது; அது பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்படாதவர்களைத்தான் தாக்குகிறது. நரம்பு மரத்துப்போன நோயாளிக்கு வலியும் அவ்வளவாகத் தெரியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருபவர்கள், மாத்திரையோடு "நீர் போகையில் எரிச்சல் உண்டா, காய்ச்சல் உண்டா?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்து அதற்குத் தனிச் செலவு ஒன்றும் ஆகாது.

கைக்குழந்தை எதையும் சொல்லாது. காய்ச்சல், பால் குடிக்காமை, வாந்தி, காரணமில்லாத அழுகை, எடை ஏறாமை. அவ்வளவுதான் குறி. காய்ச்சலோடு வரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருப்பதாக 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. மற்ற வயதில் பெண்களுக்கே அதிகம் வரும் இந்த நோய், பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைக்கும் சரிசமமாக வரும். சிறுநீர் பையிலிருந்து பின்னோக்கிச் சிறுநீரகத்துக்குப் பாயும் பிறவிக் கோளாறு சில குழந்தைகளுக்கு இருக்கும். அவர்களுக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து சிறுநீரகத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பின் கணக்கு இருபது, முப்பது வயதில் ரத்த அழுத்தமாக வந்து சேரும். பள்ளி வயதில் காரணம் வேறு. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலை எட்டிலிருந்து மாலை நான்கரை வரை அடக்கும் பெண் பிள்ளைகள். மலச்சிக்கலும் கூடவே இருக்கும். நின்றுபோன படுக்கை ஈரம் ஆறேழு வயதில் மறுபடி தொடங்கினால் அதட்டுவதற்கு முன் சிறுநீரைச் சோதிக்க வேண்டும்.

கர்ப்பிணியின் கதை இன்னும் விசித்திரம். அறிகுறி எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி பெருகியிருக்கும். நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேர்வரை இப்படி இருப்பதாகக் கணக்கு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இது பொருட்டில்லை. கர்ப்பிணிக்கு இதுவே பின்னால் சிறுநீரகக் காய்ச்சலாகவும், குறைமாதப் பிரசவமாகவும் முடியலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பரிந்துரைகளில் அறிகுறி இல்லாவிட்டாலும் சிறுநீர்க் கல்ச்சர் பார்க்கச் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பார்ப்பது ஆல்புமினும் சர்க்கரையும். அது வேறு, கல்ச்சர் வேறு. "யூரின் டெஸ்ட் எடுத்தாச்சு" என்று திருப்திப்பட்டுவிடாமல் கல்ச்சர் எடுத்தீர்களா என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தவறு, அவசரப் படிப்பு, தொடங்குகிறது. முதியவர்களுக்கும் அறிகுறியில்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சர்வசாதாரணம். சிறுநீர் டியூப் போட்டவர்களுக்கு நாளாக ஆக ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும். இந்தக் கிருமிக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது நீண்ட ஆராய்ச்சியின் முடிவு. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் சதை கிழியும்படியான அறுவைக்குப் போகிறவர்கள் தவிர, அறிகுறியில்லாதவருக்குச் சிகிச்சை வேண்டாம். நம் வீடுகளில் நடப்பது என்ன? தாத்தா இரண்டு நாளாகக் குழப்பமாகப் பேசுகிறார், நீர் நாற்றமடிக்கிறது என்றதும் "யூரின் இன்பெக்‌ஷன்" என்று முடிவாகிவிடும். நாற்றமும் கலங்கலும் நோய்க்குச் சாட்சி அல்ல. தண்ணீர் குறைந்தாலே நாறும். குழப்பத்துக்குச் சோடியம் குறைவு, சர்க்கரைத் தாழ்வு, புது மாத்திரை, மலச்சிக்கல், நிமோனியா, பக்கவாதம் என்று பத்துக் காரணம் உண்டு. சிறுநீரில் கிருமி கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. உண்மைக் காரணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. காய்ச்சல், புதிதாக வந்த எரிச்சல், அடிவயிற்று வலி, இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் சிறுநீரைக் குற்றம் சொல்லலாம்.

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி, நீர் முழுக்க வெளியேறாமல் பைக்குள் தேங்கிக் கிருமி வளரும். தாரை மெலிவு, முக்கிப் போவது, இரவில் நாலைந்து முறை எழுவது ஆகியவை மாதக்கணக்கில் முன்னறிவிப்பாக இருந்திருக்கும். ஆணுக்கு ஒருமுறை வந்த தொற்றையும் காரணம் தேடாமல் விடக்கூடாது.

சிறுநீரைப் பார்த்து நோயறிவது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி முறை நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. நெய்க்குறியில் நல்லெண்ணெய்த் துளியை விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்ப்பார்கள். கிருமியைக் காட்டும் வழி அதில் இல்லை, ஆனால் நீரை உற்றுப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இன்றைக்குக் கையில் இருக்கும் லேப் சீட்டை அந்த அளவுக்குக்கூட யாரும் பார்ப்பதில்லை. "பஸ் செல்ஸ்" என்று அச்சாகி வரும் வரிசை சீழ் அணுக்களின் எண்ணிக்கை. நுண்ணோக்கியின் ஒரு பார்வையில் ஐந்துக்கு மேல் என்றால் பொதுவாக அதிகம் என்பார்கள். "எபிதீலியல் செல்ஸ்" நிறைய என்று இருந்தால் அது தோலிலிருந்து உதிர்ந்தது. மாதிரி சரியாகப் பிடிக்கப்படவில்லை என்று பொருள். நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் கிருமி இருப்பதற்கு நல்ல சாட்சி, நெகட்டிவ் என்றால் இல்லையென்று சொல்ல முடியாது.

கல்ச்சரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி என்ற எல்லையை வகுத்தவர் எட்வர்ட் காஸ், 1950களில், பாஸ்டனில். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் பல லேப்கள் அந்த எண்ணையே வேதமாகக் கொள்கின்றன. எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு நூறு கிருமி இருந்தாலே நோயாக இருக்கலாம் என்று 1982இல் ஸ்டாம் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டிவிட்டார்கள். ஆக, அறிகுறி இல்லாமல் லட்சம் இருந்தாலும் பெரும்பாலும் நோயில்லை; அறிகுறியோடு ஆயிரம் இருந்தாலும் நோய்தான். எண்ணை விட ஆள் சொல்வது முக்கியம்.

மாதிரி பிடிக்கும் முறையை லேப்களில் யாரும் சொல்லித்தருவதில்லை. டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டுவதோடு சரி. தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, முதலில் வரும் நீரைக் கீழே விட்டு, நடுவில் வருவதைத் தொடாமல் டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேப் கையில் சேர வேண்டும். ஆர்.கே.பேட்டையில் பிடித்த மாதிரி, பையனின் பைக் பெட்டியில் மத்தியான வெயிலில் ஊர் சுற்றித் திருவள்ளூர் லேபுக்குச் சாயங்காலம் போனால் வழியிலேயே கிருமி பல மடங்காகியிருக்கும். ரிப்போர்ட்டில் "மிக்ஸ்டு குரோத்" என்று வந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மருந்துக்கடை மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் அறிகுறியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. ஏனென்றால் அரைகுறை மருந்து அறிகுறியை அழிக்கிறது, நோயை விட்டுவைக்கிறது. எரிச்சலைத் தணிக்கும் இனிப்பு சிரப், நீரின் புளிப்பைக் குறைப்பது மட்டுமே செய்யும். கிருமி அப்படியே இருக்கும். இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு நிறுத்துபவருக்கு அடுத்த முறை அதே மாத்திரை கேட்காது. ஒரு காலத்தில் நார்பிளாக்சசின் இரண்டு மாத்திரையில் தீர்ந்த நீர்க்கடுப்பு இன்று அதற்கு அசைவதில்லை. இந்தியாவில் ஈ.கோலையில் பெரும்பகுதி அந்த வகை மருந்துகளுக்குப் பணிவதில்லை என்பதை ஐ.சி.எம்.ஆரின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. 2010இல் உலகையே உலுக்கிய என்.டி.எம்-1 எதிர்ப்பு மரபணுவைப் பற்றிய லான்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் 44 கிருமிகள் சென்னையில் எடுக்கப்பட்டவை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விற்பனை விதிகளின் எச்-1 அட்டவணைப்படி மூன்றாம் தலைமுறைச் செபலோஸ்போரின் போன்ற மருந்துகளைச் சீட்டில்லாமல் தரக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மருந்துக்கடைக் கல்லாவில் போய்ச் சொன்னவுடன் கிடைக்கும் செபிக்சிம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

சிறுநீர்ப்பையோடு நின்ற நோய்க்கு நைட்ரோபியூரன்டாயின் ஐந்து நாள், அல்லது பாஸ்போமைசின் ஒரே வேளை என்பவை இன்றும் பெரும்பாலும் வேலை செய்கின்றன. சிறுநீரகக் காய்ச்சலுக்கு இவை ஆகாது, திசுவுக்குள் போதிய அளவு சேராது. எனவே எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை அறிகுறியால் பிரித்தறிந்த பிறகுதான் மருந்து. மருத்துவர் எழுத வேண்டியதும் அதனாலேயே.

எல்லா எரிச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் கட்டாயமா என்றால், இல்லை. ஜெர்மனியில் 494 பெண்களை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வில், முதலில் வலிநிவாரணி மட்டும் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் அவர்களில் சிறுநீரகம்வரை நோய் ஏறியவர்கள் கொஞ்சம் கூடுதல். கர்ப்பமில்லாத, சர்க்கரையில்லாத, காய்ச்சல் இல்லாத பெண் ஒன்றிரண்டு நாள் தண்ணீரும் மோரும் இளநீருமாகப் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்று பாட்டிகளுக்கு இந்த ஆய்வு பாதி ஆதரவு தருகிறது. மூன்றாம் நாளும் எரிந்தால், அல்லது இடையில் காய்ச்சல் எட்டிப் பார்த்தால், பாட்டியின் அதிகாரம் அத்தோடு முடிந்தது.

தண்ணீரைப் பற்றிய சாட்சியமோ முழு ஆதரவு தருகிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவு: ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறை, கூடுதலாகக் குடிக்காதவர்களுக்கு 3.2 முறை. அடக்குவது பெரிய குற்றவாளியா, குடிக்காதது பெரிய குற்றவாளியா என்று கேட்டால், அமெரிக்க ஆசிரியைகளிடம் 1997இல் செய்த ஆய்வு ஒன்று இரண்டாவதைக் காட்டியது. கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீரைக் குறைத்தவர்களுக்கு நோய் ஏறக்குறைய இரு மடங்கு. எத்தனை முறை போனார்கள் என்பதற்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆர்.கே.பேட்டைத் தறிக்கொட்டகையில் நிற்கும் பெண்ணுக்கும், திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியலில் கம்பெனி பஸ் ஏறும் பெண்ணுக்கும் இந்த இரண்டும் ஒன்றே. போக இடமில்லாததால்தான் குடிப்பதில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 18ஆம் பிரிவில் குடிநீரையும், 19ஆம் பிரிவில் ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றது. நாலு தறி, ஆறு தறிக் கொட்டகையில் பத்துப் பேர் தேறமாட்டார்கள். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழகம் சட்டம் திருத்தியது நல்ல காரியம். அதைப் போலவே, எத்தனை தறி என்று பாராமல், கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறைக்கு ஒரு விதி வேண்டும். தனித்தனியே கட்ட இடமில்லாத தெருக்களில் நாலைந்து கொட்டகைக்குப் பொதுவாக ஒன்றை ஒன்றியமும் ஊராட்சியும் கட்டித் தரலாம். தறி உரிமையாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: கொட்டகையில் ஒரு குடம் குடிநீரும், மணிக்கணக்கு பார்க்காமல் பெண்களை எழுந்து போக விடுவதும் இன்றைக்கே செய்யக்கூடியவை.